பக்கத்து வளவுச் செவ்வரத்தை

"அன்னமக்காட செவ்வரத்தையப் பாத்தியா சுலோ? இண்டைக்கு மட்டும் இருபத்தேழு பூ. எண்ணிப்போட்டுத்தான் வாறன்."

சதீசன் பல் துலக்கிக்கொண்டே சொன்னான். அவன் மனைவி சுலோஜனாவுக்குக் குடித்த தேத்தண்ணி கசந்தது.

"காலையில எழும்பி அடுத்தவட மரத்தில பூ எண்ணுறதுதான் உங்களுக்கு வேலையா?"

"நம்மட மரத்தில எண்ண என்ன கிடக்கு?"

அதுதான் சுட்டது. பெரியகல்லாற்றில் இரண்டு வீடும் அடுத்தடுத்த வளவு. இரண்டு மரமும் ஒரே கொப்பில் வெட்டிய தடி. நட்டதும் ஒரே நாள். தடி தந்ததே பக்கத்து வீட்டு அன்னப்பூரணிதான். அவளுடையது வேலிக்கு மேலே எழும்பி, கோப்பி சோசர் அளவில் சிவக்கச் சிவக்கப் பூத்தது. சுலோஜனாவுடையது இலை சுருண்டு, தண்டெல்லாம் வெள்ளைப் பூச்சி அப்பி நின்றது.

"நுனியக் கொஞ்சம் நறுக்கி விடு பிள்ள. புதுக் கொழுந்திலதான் பூ வரும். பூச்சிக்குச் சவுக்காரத் தண்ணி அடி" என்று ஒருநாள் அன்னப்பூரணி வேலிக்கு மேலால் சொன்னாள்.

சுலோஜனா சிரித்துத் தலையாட்டினாள். உள்ளே வந்ததும் முகம் மாறியது.

"கேட்டீங்களா? எண்ட மரத்த வெட்டட்டாம். நல்லா வந்திரப்படாதெண்டு எண்ணம்!"

"உனக்கு விசர்" என்றான் சதீசன்.

அந்தக் கிழமைதான் அன்னப்பூரணி ஓடி வந்து அந்தச் செய்தியைச் சொன்னாள். பாசிக்குடாவில் ஒரு ஹோட்டல் தோட்டத்தில் நட, தடி வெட்டி வளர்த்த இருநூறு செவ்வரத்தைக் கண்டு வேணுமாம். தோட்டப் பொறுப்பாளர் இஷாம் ஞாயிற்றுக்கிழமை அவளுடைய மரத்தைப் பார்க்க வருகிறாராம்.

"நல்லதுதானே அக்கா" என்றாள் சுலோஜனா. அன்று மத்தியானம் அவளுக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த நாள் விடிய, அன்னப்பூரணி மீன் வாங்கத் துறைக்குப் போனதும் சுலோஜனா பின்வளவால் கடலோடு கலக்கும் வாவியில் இறங்கி ஒரு வாளி தண்ணீர் மொண்டாள். மழையில்லாத காலம். வாயில் வைக்க ஏலாத உப்பு. வேலி இடுக்கால் நுழைந்து செவ்வரத்தையின் அடியில் ஊற்றினாள். அடுத்த நாளும் போனாள். அதற்கடுத்த நாளும் போனாள்.

நாலாம் நாள் கீழ் இலைகளின் ஓரம் கருகியது.

"என்னெண்டு தெரியா பிள்ள, இலை எரியுது" என்றாள் அன்னப்பூரணி.

"வெயிலாக்கும் அக்கா."

ஞாயிறு காலை இஷாம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கினார். சுலோஜனாவும் போய் நின்றாள். அவர் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு திரும்பிப் போவதைத் தன் கண்ணால் பார்க்க வேண்டும் அவளுக்கு.

இஷாம் குனிந்து கருகிய இலைகளைப் புரட்டினார். அடியில் வெள்ளையாய்ப் பூத்திருந்த மண்ணைக் கிள்ளி நாக்கு நுனியில் வைத்தார்.

"இதென்னகா உப்பு? வாவித் தண்ணியா ஊத்துறீங்க?"

சுலோஜனா மெல்ல வேலிப் பக்கம் பின்வாங்கினாள்.

இஷாம் நிமிர்ந்து உச்சிக் கொப்புகளைப் பார்த்தார். புதுக் கொழுந்து தளதளவென்று நின்றது. ஆறு மொட்டு. நாலு பூ.

"எங்கட இடத்தில வெச்ச செடியெல்லாம் கடல்காத்துக்குக் கருகிப்போகுது அக்கா. இது உப்பையே குடிச்சிட்டுப் பூக்குது! வேற எங்கயும் பாக்கத் தேவல்ல. இருநூறும் இந்த மரத்திலதான் வேணும். எப்படி இதப் பழக்கி எடுத்தீங்க?"

சுலோஜனாவின் நெஞ்சு எரிந்தது. ஊற்றிய உப்புங்கூட அன்னமக்காவுக்கே பூவாய்ப் போய்விட்டதே!

வேலி இடுக்கிலிருந்து மரத்தடி வரை தண்ணீர் சிந்தி வெள்ளையாய்க் காய்ந்திருந்த தடத்தை அன்னப்பூரணி பார்த்தாள். நிதானமாகச் சேலைத் தலைப்பில் கையைத் துடைத்தாள். பிறகு சுலோஜனாவின் தோளைப் பிடித்து முன்னால் இழுத்து விட்டாள்.

"மரந்தான் தம்பி எண்ட. கொஞ்ச நாளா நான் துறைக்குப் போற நேரம் வந்து உப்புத் தண்ணி ஊத்திப் பழக்கினது இந்தப் பிள்ள. கண்டில பாதி இவட வளவிலதான் வளரும். எழுதிக்கொள்ளுங்க, பேர் சுலோஜனா."