தள்ளுபடி சைபர் சதவீதம்

ரத்தினசாமியை நான் கடைசியாக உயிரோடு பார்த்தபோது, ஸ்டூல் மேல் ஏறி நின்று கடைப் பலகையில் ஒரு சைபர் எழுதிக்கொண்டிருந்தார்.

சிவகாசியில், சாத்தூர் ரோட்டில் அவருடைய பட்டாசுக் கடை. எதிரே என் ஜெராக்ஸ் கடை. எழுதி முடித்தவர் ரோட்டைத் தாண்டி வந்து, என் பக்கத்தில் நின்று பலகையைப் பார்த்தார்.

'தள்ளுபடி 0%.' சிவப்புப் பெயிண்டில், அண்டா வாய் அகலத்துக்கு ஒரு சைபர்.

"எப்படி இருக்கு?"

"போற பஸ்ஸே நின்னு பாக்கும்" என்றேன்.

"அதுக்குத்தானே எழுதுனது."

எங்கள் பக்கத்தில் எண்பது சதவீதத்துக்குக் குறைத்து யாரும் பலகை வைப்பதில்லை. பெட்டியில் ஆயிரம் ரூபாய் என்று அச்சடித்திருக்கும். அதில் எண்பது சதவீதம் தள்ளி, இருநூறுக்குக் கொடுப்பார்கள். ரத்தினசாமி அந்தப் பெட்டியில் இருநூறு என்று சீட்டு ஒட்டி, இருநூறுக்கே விற்றார்.

பக்கத்துப் பட்டாசுக் கடை தனுஷ்கோடி அண்ணாச்சியுடையது. இரண்டு கடைக்கும் கட்டடம் அவருடையதுதான். சைபரைப் பார்த்ததும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

"ஏலே, இம்புட்டு நாளா வாயால சொன்னே, பொறுத்துக்கிட்டேன். இப்பப் பலகையிலயும் எழுதிட்டியா? இங்க சைபர், அங்க எண்பது, எது நெசம்னு வாரவன் என்கிட்டல்லாலே கேப்பான்!"

"நெசத்தைச் சொல்லிருங்க அண்ணாச்சி. சரக்கு நல்லாயிருந்தா வாங்கிட்டுப் போறான்."

மறுநாள் விடிகாலையில் மாரடைப்பு. ரத்தினசாமி போய்விட்டார்.

துக்க வீட்டில் யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. என் வீட்டுக்காரி போனபோது எனக்கும் ஏறவில்லை. மாலையைப் போட்டுவிட்டு வந்தேன்.

காரியம் முடிந்த கையோடு, அவர் மனைவி செல்லத்தாய் கடையைத் திறந்தாள்.

"புருசன் செத்த ஈரம் காயலை, வெடி விக்க வந்துட்டா பாரு."

என் கடைக்கு ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்களே சொன்னார்கள். அவளிடமும் ஒருத்தி கேட்டுவிட்டாள்.

"அவுக எடுத்துப்போட்ட சரக்கு. நான் விக்காம நீங்க வந்து விப்பீகளா?" என்றாள் செல்லத்தாய்.

தனுஷ்கோடி பக்குவமாக வந்தார். "அந்தச் சைபரை அழிச்சு எண்பதுன்னு போட்டுரு தாயி. பெயிண்டுச் செலவு என்னோடது."

"அது இருக்கட்டும் அண்ணாச்சி."

சீசன் வந்தது. பாதிக் கார்கள் சைபரைப் பார்த்துச் சிரித்துவிட்டு அண்ணாச்சி கடைக்குப் போயின. மீதிக் கார்கள், அது என்னதான் என்று கேட்பதற்காகவே நின்றன. இறங்கி வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் வாங்கினார்கள். வாங்கியவர்களிடம் அவள் போன் நம்பர் கேட்டு வைத்துக்கொண்டாள். அது ரத்தினசாமியின் பழக்கம். தீபாவளிக்கு மறுநாள் ஒவ்வொருவரையும் கூப்பிட்டு, "எது வெடிக்கலை?" என்று கேட்பார். குறை வந்த கம்பெனிச் சரக்கை அடுத்த வருஷம் கடைக்குள் விடமாட்டார்.

அந்தத் தீபாவளிக்கு மறுநாள் செல்லத்தாயும் அப்படித்தான் போனும் கையுமாக உட்கார்ந்திருந்தாள். தனுஷ்கோடி, ஏணியோடு இரண்டு ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார்.

"சீசன் முடிஞ்சிருச்சு. ஒண்ணு பலகையை இறக்கு. இல்லன்னா கடையைக் காலி பண்ணு."

சத்தம் கேட்டு நான் ரோட்டைத் தாண்டிப் போனேன்.

"எதுக்கு இறக்கணும்?" செல்லத்தாய் எழுந்திருக்கக்கூட இல்லை.

"ஊரே எண்பது போடுது. நீ ஒருத்திதான் யோக்கியம், நாங்கல்லாம் களவாணிகளா?"

"உங்க கடையைப் பத்தி நான் எழுதலையே. என் கடை விலையை எழுதியிருக்கேன்."

"அப்படியே புருசன் பேச்சு! இந்தச் சைபர்க் கடைக்கு ரெண்டாவது தடவை எவன் வாரான், சொல்லு பாப்போம்."

"சாத்தூர் டாக்டர் வீட்டுல இருந்து வருசா வருசம் வாராக. ஆட்டோ முத்துக்கருப்பன் அண்ணன்தான் பெரிய பெட்டியா வாங்கிட்டுப் போவாரு. பேரப்பிள்ளைக கையால வெடிக்கிறது, இங்க தவிர வேற எங்கயும் எடுக்காதேன்னு சொல்லிவிடுவாகளாம்."

"டாக்டராவது, வக்கீலாவது..."

"பெரிய மனுசரு, தொந்தரவு வேண்டாம்னு எங்க வீட்டுக்காரவுக இருந்தவரை போன் பண்ணுனதில்ல. நான் இந்த வருசம் ஆட்டோ அண்ணன்கிட்ட விடாம நச்சரிச்சு நம்பரை வாங்கிட்டேன். இருங்க, உங்க முன்னாலயே கேக்கேன்."

நம்பரை அழுத்திப் போனைக் காதில் வைத்தாள்.

தனுஷ்கோடியின் சட்டைப் பையில் எப்போதும் இரண்டு போன் இருக்கும். ஒன்று கடைக்கு, ஒன்று வீட்டுக்கு. வீட்டு நம்பரை வெளியாட்களுக்குக் கொடுக்கமாட்டார்.

வீட்டுப் போன் மணி அடித்தது.

அவர் பையைக் கையால் பொத்தினார். மணி நிற்கவில்லை. ஏணி கொண்டு வந்த இருவரும் அவரையே பார்த்தார்கள்.

செல்லத்தாய் போனைக் காதிலிருந்து எடுக்காமல், அவரை நேராகப் பார்த்துக் கேட்டாள்.

"டாக்டரய்யா, இந்த வருசம் எது வெடிக்கலை?"

தனுஷ்கோடி தரையைப் பார்த்தார்.

"எல்லாம் வெடிச்சுச்சு தாயி. புஸ்வாணம்தான் ஒண்ணு நமுத்திருந்துச்சு."

"எந்தக் கம்பெனி?"

சொன்னார். அவள் குறித்துக்கொண்டாள். ஆட்கள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

இப்போது தனுஷ்கோடி அண்ணாச்சி கடையில் தள்ளுபடி தொண்ணூறு சதவீதம். பக்கத்துப் பலகையில் ரத்தினசாமி எழுதிய சைபர் அப்படியே இருக்கிறது.