இடப்பக்கக் கதவு

றபீக்கா மௌத்தாகி அடக்கம் முடிந்த பிறகு, அவளுடைய கணவர் காலிதீனின் பழைய கார் இடப்பக்கமாகச் சாயத் தொடங்கியது. கல்முனையில் கராஜ் வைத்திருக்கும் குணம் ஸ்பிரிங்கை இரண்டு தடவை மாற்றிப் பார்த்தான். கார் நேராகவில்லை.

"ஸ்பிரிங்கில பிழையில்ல காக்கா. முன் சீற்றில ஆள் இருக்கிற மாதிரிப் பதியுது. இனிச் செலவழிக்காதீங்க, பழைய இரும்புக்குக் குடுங்க."

காலிதீன் காரைப் பார்த்தபடி நின்றார். உப்புக் காற்றில் துருப்பிடித்த இடப்பக்கக் கதவை உள்ளேயிருந்து திறக்க முடியாது. எங்கே போனாலும் அவர்தான் சுற்றி வந்து திறந்துவிடுவார். அதுவரை றபீக்கா முக்காட்டைச் சரிசெய்தபடி காத்திருப்பாள். கடைசி நாளில் ஆஸ்பத்திரி வாசலில் காரை நிறுத்திவிட்டு, ஆட்களைக் கூப்பிட அவர் உள்ளே ஓடினார். வந்தவர்கள், அவர் திறந்தபடி விட்டுப்போன மற்றக் கதவால் அவளைத் தூக்கி எடுத்தார்கள். இந்தக் கதவை அதற்குப் பிறகு யாரும் திறக்கவில்லை.

"ஓம், குடுப்பம். கொஞ்சம் பொறு தம்பி."

காலிதீன் சுற்றிப் போய்க் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார்.

"இறங்கு புள்ள. ஊட்டுக்குப் போவம்."

கார் மெதுவாக எழுந்து நேரானது.

அவர் பின் சீற்றில் கிடந்த குடையை எடுத்து விரித்தார். அதை இடப்பக்கமாகச் சாய்த்துப் பிடித்தபடி வெயிலில் இறங்கி நடந்தார்.