ஒற்றைக்காது ஹேகனின் கழுத்து

"அவனைத் தூக்குல போட்டாங்களா, தப்பிச்சானா? அது தெரியாம வியாழக்கிழமை இதய ஆபரேஷனுக்குப் படுக்க மாட்டேன்" என்றார் டெல்பர்ட். அறுபத்தைந்து வருடமாகத் தொண்டையில் நிற்கும் முள்.

அவன் சொந்தமுமில்லை, சிநேகிதனுமில்லை. அமரில்லோ நகரத்துப் பழைய புத்தகக் கடையின் கண்ணாடி அலமாரியிலிருந்து துப்பாக்கியோடு முறைக்கும் காமிக்ஸ் கொள்ளைக்காரன், ஒற்றைக்காது ஹேகன். ஒன்பது வயதில் இதே புத்தகத்தில், கதையை முடிக்கும் முன்பே, பொம்மைத் துப்பாக்கிக்கான கூப்பனை வெட்டி அனுப்பிவிட்டார் டெல்பர்ட். கூப்பனின் பின்பக்கம்தான் கதையின் கடைசிக் கட்டங்கள் இருந்தன.

"துப்பாக்கியாவது வந்துச்சா?" என்றாள் மனைவி மேக்ஸின்.

"வந்துச்சு. சுடல."

கடைக்காரர் ராய்ஸ் புத்தகத்தைப் பூப்போல எடுத்து வைத்தார். கெட்டிப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் சீல் வைத்து, மேலே சேகரிப்பாளர்களுக்கான தர எண் ஒட்டியிருந்தது.

"மூவாயிரம் டாலர் சார். அந்தக் காலத்துல மாசாமாசம் இவனுக்காகப் பையனுங்க கடை வாசல்ல தவம் கிடந்தாங்க."

"சீலை உடைச்சு, கடைசிப் பக்கத்தை மட்டும் காட்டு."

"உடைச்சா பாதி விலை போச்சு சார்!"

"கதை தெரிஞ்சவன் ஒருத்தனுமா இல்ல?" என்றாள் மேக்ஸின்.

"வெச்சிருக்கிறவன் எவனும் பிரிக்க மாட்டான் மேடம். படிக்கிறதுக்கா வாங்குறாங்க?"

"கிளம்புய்யா" என்று டெல்பர்ட்டின் கையைப் பிடித்து இழுத்தாள் மேக்ஸின். "ஒரு காது இல்லாதவனுக்கு மூவாயிரமா? ரெண்டு காதும் இருக்கிற உனக்கே யாரும் அவ்வளவு தர மாட்டாங்க."

டெல்பர்ட் நாற்பது வருடம் மாட்டுச் சந்தையில் நின்றவர். இரண்டு முறை வாசல்வரை போய்த் திரும்பினார். இரண்டாயிரத்து நூறில் படிந்தது.

கார் ரிப்பேருக்கு வைத்திருந்த பணம் கைமாறியது. ஸ்க்ரூடிரைவரால் அவர் பெட்டியை நெம்பியபோது ராய்ஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

டெல்பர்ட் கடைசிப் பக்கத்தைப் படித்தார். மறுபடி படித்தார். பிறகு நாற்காலி தேடி உட்கார்ந்தார்.

"என்னய்யா, செத்தானா?"

மேக்ஸின் புத்தகத்தைப் பிடுங்கி, விரலில் எச்சில் தொட்டு முதல் பக்கத்திலிருந்து புரட்டினாள். பத்து நிமிடத்தில் கடைசிப் பக்கத்துக்கு வந்துவிட்டாள்.

பிறகு மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு ராய்ஸைப் பார்த்தாள்.

"தம்பி, 'தொடரும்'னு போட்டிருக்கு. அடுத்த இதழ் இருக்கா?"