ஐந்தாவது பிஸ்கட்

"குறையவே இல்லேன்னா என்ன எழுதறது சார்?"

இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு மாணவி கேட்ட கேள்வி. பொருளாதார ஆசிரியர் இன்னும் அதற்குப் பதில் சொல்லவில்லை.

ஒரே பொருளை அடுத்தடுத்துத் தின்றால் ஒவ்வொரு முறையும் கிடைக்கும் திருப்தி குறைந்துகொண்டே போகும் என்பது பதினோராம் வகுப்புப் பாடத்தில் ஒரு விதி. வாயில் நுழையாத நீளப் பெயர் அதற்கு. பிள்ளைகளின் மண்டையில் ஏற வேண்டுமே என்று அவர் ஒரு பாக்கெட் பிஸ்கட் வாங்கி வருவார். யாரையாவது முன்னால் கூப்பிட்டு ஒவ்வொன்றாகத் தின்னச் சொல்வார். தின்கிறவர் பத்துக்கு எத்தனை மதிப்பெண் என்று சொல்ல வேண்டும். பத்து, எட்டு, ஐந்து என்று கரும்பலகையில் எண்கள் படியிறங்கும்.

அந்த மாணவிக்கு இறங்கவில்லை. ஐந்து பிஸ்கட்டுக்கும் பத்து என்றே சொன்னாள். சொல்லிவிட்டுத்தான் அந்தக் கேள்வியைக் கேட்டாள்.

"பாக்கெட்டோட குடுத்தாலும் அவளுக்குப் பத்துதான் சார்" என்றது கடைசி பெஞ்ச்.

வகுப்பே சிரித்தது.

அவரும் சிரித்தார்.

அவள் சொன்ன பத்துகளை அழித்துவிட்டு, புத்தகத்தில் இருந்த எண்களை அவரே எழுதிப் பாடத்தை முடித்தார்.

மறுநாள் அவள் வரவில்லை. மாதக் கடைசியில் வருகைப் பதிவேட்டில் அவள் பெயர்மேல் சிவப்புக் கோடு இழுத்ததும் அவர்தான். அவள் பிஸ்கட் தின்ற அன்று அந்த வீட்டில் மூன்று நாளாக அடுப்பே எரிந்திருக்கவில்லை என்று பள்ளிக் காவலாளி சொன்னார். விசாரித்துக்கொண்டு போனபோது வீடு பூட்டிக் கிடந்தது. குடும்பம் ஊரைவிட்டே போயிருந்தது.

அன்று முதல் அவருடைய பிரார்த்தனையில் ஒரு பிள்ளை கூடுதலாக இருந்தாள்.

பிஸ்கட்டை அவர் நிறுத்தவில்லை. ஆள் பார்த்துக் கூப்பிடப் பழகிக்கொண்டார். வருடா வருடம் நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த, கன்னம் உப்பிய பிள்ளைதான். இந்த வருடத்துக்கென்று மனதில் குறித்து வைத்திருந்த, 'பன்னு' என்று பட்டப்பெயர் வாங்கிய பையன் காய்ச்சலில் படுத்துவிட்டான்.

யார் வருகிறீர்கள் என்று கேட்டு வாய் மூடவில்லை, மூன்றாவது பெஞ்சிலிருந்து ஒரு கை உயர்ந்தது.

குச்சிக் கை. இந்த வருடம் புதிதாகச் சேர்ந்த பெண்.

அவர் வேண்டாம் என்று சொல்வதற்குள் அவள் எழுந்துவிட்டாள். கால் தட்டி அவளுடைய பை கீழே விழுந்தது. உள்ளே ஒரு டப்பாவில் ஸ்பூன் கலகலவென்று உருண்டது.

சாப்பாடு இருக்கும் டப்பாவில் ஸ்பூன் அப்படி உருளாது.

முதல் பிஸ்கட். பத்து என்றாள்.

அவர் கையில் சாக்பீஸ் நின்றது.

இரண்டாவதற்கு எட்டு. மூன்றாவதற்கு ஆறு. நான்காவதற்கு மூன்று. ஐந்தாவதை விழுங்குவதற்கு முன்பே பூஜ்யம் என்றாள்.

வகுப்பு கைதட்டியது. புத்தகத்தில்கூட எண்கள் இத்தனை ஒழுங்காக இறங்கியதில்லை. போன உயிர் அவருக்குத் திரும்பி வந்தது.

அப்போதுதான் பார்த்தார். மேசையில் சிந்தியிருந்த துகள்களை அவள் விரல் நுனியால் ஒற்றி எடுத்துக்கொண்டிருந்தாள்.

மணி அடித்தது. அடுத்தது விளையாட்டு வகுப்பு, அதற்கப்புறம்தான் சாப்பாட்டு இடைவேளை. பைகளைப் போட்டது போட்டபடி பிள்ளைகள் மைதானத்துக்கு ஓடினார்கள். அவளை மட்டும் வாசலில் நிறுத்தி, யோசிக்காமல் எப்படிச் சொன்னாய் என்று கேட்டார்.

"அம்மா சொல்லிக் குடுத்தாங்க சார். அவங்களும் இங்கதான் படிச்சாங்களாம். பிஸ்கட் குடுத்தா குறைச்சுக் குறைச்சுச் சொல்லணுமாம். இல்லேன்னா எல்லாரும் சிரிப்பாங்களாம்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை. ஆசிரியர் கேட்டதற்கு விடை சொல்லும் குரல்.

அவர் விளையாடப் போகச் சொன்னார். அவள் ஓடிப்போனாள்.

வெளியே வானம் மூடிக்கொண்டு வந்தது. விளக்கைப் போடாமல் வகுப்புக்குள் திரும்பினார். பிறகு கரும்பலகையில் எட்டை அழித்துப் பத்து என்று எழுதினார். ஆறு, மூன்று, பூஜ்யம் இருந்த இடங்களிலும் பத்து. யாரும் வருவதற்கு முன் பலகை முழுவதையும் துடைத்தார்.

ஆசிரியர் அறைக்குப் போய்த் தன் சாப்பாட்டை எடுத்து வந்தார். பிறர் பையைத் திறப்பது தவறு என்று அதே வகுப்பில் எத்தனையோ முறை சொன்னவர், கடவுளிடம் அதற்கும் சேர்த்து மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அவளுடைய பையைத் திறந்தார்.

டப்பா கழுவித் துடைத்து, பளபளவென்று இருந்தது.

தன் சாப்பாட்டை ஒரு பருக்கை மிச்சமில்லாமல் அதில் மாற்றினார். இது நாளைக்குப் போதாது என்று அவருக்குத் தெரியும். நாளைக்கும் விளையாட்டு வகுப்பு இருக்கிறதா என்று சுவரில் ஒட்டியிருந்த கால அட்டவணையைப் பார்த்துக்கொண்டார்.

பிறகு டப்பாவை மூடி உள்ளே வைத்து, பையைத் தூக்கி, காதருகே மெல்ல ஆட்டினார்.

சத்தம் வரவில்லை.