போகக்கூடாத நாடு

'மார்ச் 11: பட்டியலில் போகும் நாட்டுக்குப் பதில் அதன் பக்கத்து நாட்டை அழுத்திவிட்டேன். என் கவனக்குறைவு.'

பயணக் காப்பீட்டு அலுவலகத்தில் எழுத்தராகச் சேர்ந்து மூன்றே மாதமான அவள், தன் தவறுகளைக் குறித்துவைக்கும் குறிப்பேட்டில் இப்படி எழுதிவிட்டு, நாட்டின் பெயரைத் திருத்தினாள். அதுவரை தலையாட்டிக்கொண்டிருந்த கணினி உடனே கையை விரித்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க சார். அங்க யாரும் போகவேணாம்னு நம்ம அரசாங்கமே எச்சரிச்சிருக்கு. பாலிசி தர முடியாது."

எதிரே இருந்தவர் குரலைத் தாழ்த்தினார். "எனக்கு வேணாம்மா. பொண்ணுக்கு மட்டுமாவது போட்டுக் குடுங்க. அவளுக்கு மூச்சிரைப்பு. திடீர்னு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்னா கையில ஒண்ணும் இல்ல."

பக்கத்து நாற்காலியில் அந்தச் சிறுமி காலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எழுத்தருக்கு மனசு கேட்கவில்லை.

"பச்சைக் குழந்தைய இழுத்துக்கிட்டு அங்க போகணும்னு என்ன சார் தலையெழுத்து? தெருவுலயே குண்டு விழுதாம். பேசாம டிக்கெட்டைக் கேன்சல் பண்ணிட்டு வீட்டுல இருங்க."

"இதையே அவங்ககிட்டயும் கொஞ்சம் சொல்லுங்களேன், உங்களுக்குப் புண்ணியமாப் போகும்" என்று சிரித்தபடி அவர் ஒரு கடிதத்தை நீட்டினார்.

எச்சரிக்கை விடுத்த அதே அரசாங்கத்தின் முத்திரை அதில் இருந்தது.

'தங்கள் அடைக்கல மனு நிராகரிக்கப்படுகிறது. தங்கள் தாய்நாடு தற்போது முற்றிலும் பாதுகாப்பானது. வியாழக்கிழமைக்குள் குடும்பத்துடன் திரும்பிச் செல்லவும்.'

அன்று புதன்கிழமை.

மாலையில் அவள் குறிப்பேட்டில் கடைசி வரியை எழுதினாள்: 'நாளை காலை எட்டு மணி: அரசின் எச்சரிக்கையை அச்சிட்டு, மேலாளரிடம் கையெழுத்து வாங்கி, அவர்கள் விமானநிலையத்துக்குக் கிளம்புமுன், அதிகாரிகளிடம் காட்டுவதற்காகக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.'