வாய் வரை வந்த சொல்

"மறந்துட்டா! அடிப்பாவி, மறந்தே போயிட்டா!" என்று தலையில் கை வைத்துக்கொண்டு ஈரப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார் அய்கெரிமின் மாமனார்.

பாதையோரம் எல்லை கட்டியிருந்த நாடாவுக்கு அந்தப் பக்கம், மூக்கு வரை சேறாக, நடுவர் முன்னால் வாயைத் திறப்பதும் மூடுவதுமாக நின்றுகொண்டிருந்தாள் மருமகள். கரையில் எடுத்துப் போட்ட மீன்கூட இன்னும் கொஞ்சம் தைரியமாகப் பேசியிருக்கும்.

ஆற்றங்கரையில் நடந்த அந்தத் தடை ஓட்டத்தில் அதுவரை அவள்தான் முதல். சுவர் ஏறியாயிற்று, முள்கம்பிக்கு அடியில் ஊர்ந்தாயிற்று, மணல் மூட்டையைச் சுமந்தாயிற்று, ஐஸ் தண்ணீரில் முங்கியும் ஆயிற்று. மிச்சம் இருந்தது சுண்டைக்காய் வேலை.

கிளம்பும் இடத்தில் ஒரு பலகை. அதில் அவரவர் சட்டை எண்ணுக்கு எதிரே ஒரு பெயரும் ஓர் எண்ணும் எழுதியிருக்கும். அதை மனப்பாடம் செய்துகொண்டு வந்து, இங்கே வாயால் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் தரையில் விழுந்து எழுந்து குதிக்கிற தண்டனை, முப்பது தடவை.

முதலில் வருபவளுக்கு மட்டும்தான் தேசிய அணியில் இடம். அடுத்த வருடம் அய்கெரிமுக்கு வயது தாண்டிவிடும்.

"சொல்லும்மா, நேரம் போகுது," என்றார் நடுவர்.

அய்கெரிம் ஒரு தடவை மாமனார் பக்கம் திரும்பிப் பார்த்தாள். பிறகு தலையைக் குனிந்துகொண்டு தரையில் விழுந்தாள். எழுந்தாள். குதித்தாள். கூட்டம் உச்சுக்கொட்டியது.

கிழவர் துள்ளி எழுந்து நாடாவை நோக்கி ஓடினார். காவலுக்கு நின்ற பெண் கையை நீட்டினாள். "பெரியவரே, நாடாவைத் தாண்டுனீங்கன்னா அந்தப் பொண்ணையே போட்டியிலேர்ந்து வெளிய அனுப்பிடுவாங்க."

"தாண்டல தாயி. தலையை மட்டும் நீட்டிக்கிறேன்."

"தலையும் கூடாது."

கம்பு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு ஓநாயை விரட்டியவர், இரண்டு விரல் அகல பிளாஸ்டிக் நாடாவுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"அண்ணே," என்று காதருகில் வந்தார் அவர் தம்பி சாபித். "பயிற்சி கொடுத்தது நீதானே? உடம்புக்கு மட்டும்தான் கொடுத்தியா, ஞாபகத்துக்கும் கொடுத்தியா?"

பயிற்சி கொடுத்தது அவர்தான். யாரும் கேட்காமலே அந்தப் பதவியில் தன்னை நியமித்துக்கொண்டவர். பனிக்காலம் முழுக்க உப்பு மூட்டையைச் சுமக்க வைத்தார்; கொட்டகை உத்தரத்தில் தொங்க வைத்தார்; செம்மறிக் கிடாவை முதுகில் ஏற்றி மேட்டில் ஓட வைத்தார். கிடாவுக்கு இதில் கொஞ்சமும் சம்மதமில்லை. மருமகளுக்கு இருந்ததா என்று அவர் கேட்டதில்லை. ஆனால் தினமும் அவருக்கு முன்னால் எழுந்து தயாராக நின்றவள் அவள்தான்.

"அவளுக்காடா மறதி? பெரியவங்க பேரை மருமக வாயால சொல்லக் கூடாதுன்னு, கல்யாணமான மறுநாளே நம்ம வீட்டு ஆம்பளைங்க அத்தனை பேருக்கும் ஆளுக்கொரு பட்டப்பேர் வச்சா. உன்னைய 'மீசை மாமா'ன்னா. இன்னிக்கு வரைக்கும் ஒண்ணாவது மாத்திச் சொல்லியிருக்காளா?"

சாபித் மீசையைத் தடவிக்கொண்டார். "அதுவும் சரிதான். அப்ப இது பயம்தான் அண்ணே. ஊர்ச் சனம் முன்னாடி நாக்கு ஒட்டிக்கிச்சு."

அதற்குள் நகரத்திலிருந்து வந்த நெட்டைப் பெண் ஓடி வந்தாள். "சிர் தரியா, நாற்பத்தொண்ணு!" என்று பஸ்ஸில் டிக்கெட் கேட்பதுபோல் கத்திவிட்டு, நிற்காமல் போய்க்கொண்டே இருந்தாள்.

"எழுந்திரு கண்ணு! எழுந்திரு!" என்று கத்தினார் கிழவர். அவள் ஒவ்வொரு தடவை விழும்போதும் அவருக்குத் தெரியாமலே அவர் முழங்கால் மடங்கியது; அவள் குதிக்கும்போது இவர் குதிகால் எழும்பியது. அவள் தண்டனையை முடித்தபோது இரண்டு பேரில் அதிகமாக மூச்சு வாங்கியது இவருக்குத்தான்.

அய்கெரிம் பாய்ந்து ஓடினாள். கடைசி மேட்டில் நெட்டைப் பெண்ணை எட்டிப் பிடிக்கிற தூரத்துக்கு வந்தும்விட்டாள். ஆனால் எட்டிப் பிடிக்கவில்லை.

எல்லைக் கோட்டுக்கு அப்பால், போர்வையைச் சுற்றிக்கொண்டு மாமனார் முன்னால் வந்து நின்றாள். நிமிர்ந்து பார்க்கவில்லை.

"மன்னிச்சிடுங்க மாமா. மறந்துபோச்சு."

அவருக்குச் சொல்ல ஆயிரம் இருந்தது. "போய் டீ குடி. பால் நிறைய ஊத்தச் சொல்லியிருக்கேன்," என்று மட்டும் சொன்னார். அவள் நகர்ந்ததும் மூக்கைச் சிந்தினார். "காத்து ஜாஸ்தியா இருக்கு," என்றார் தம்பியிடம். ஒரு புல்கூட அசையவில்லை.

வேலை முடிந்து அந்தப் பக்கமாக வந்த நடுவர், கிழவரைப் பார்த்ததும் சிரித்துவிட்டார். "உங்க மருமகளா பெரியவரே? நல்ல பொண்ணு, காலு குதிரைக் காலு. நம்பரைக்கூடச் சரியாச் சொல்லிடுச்சு. பேர்லதான் கோட்டை விட்டுடுச்சு."

"அப்படி என்னய்யா வாயில நுழையாத பேரு?"

"அதான் வேடிக்கையே! எல்லாருக்கும் ஆத்துப் பேருதான் கொடுத்திருந்தோம். எங்கேயோ இருக்கிற ஆத்துப் பேரையெல்லாம் மத்ததுங்க சொல்லிட்டுப் போகுது. இதுக்கு வந்தது, இதோ எதிர்ல ஓடுதே, இதே ஆறு. எர்த்திஸ்! கொழந்தைகூட சொல்லும்."

சாபித்தின் கை மீசையிலேயே நின்றுவிட்டது. கிழவர் வாயைத் திறந்தார், மூடினார், மறுபடி திறந்தார்.

"ஏன் பெரியவரே, என்ன ஆச்சு?"

"என் பேரும் அதுதான், தம்பி."