சிவப்புக்கே வெற்றி

முதுகில் சிவப்பு நாடாவைப் பர்சனல் மேனேஜர் மூன்று தடவை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினார். லேசுப்பட்ட முதுகா அது? இடுப்புக் கவசத்தில் தொங்கிய பட்டையில் முதலாளியின் பெயர் தங்க எழுத்தில் பளபளத்தது.

கவசம் இன்றுதான் பெட்டியிலிருந்து எடுத்தது. புதுச் செருப்பு மாதிரி விறைப்பாக இருந்தது. முகத்தை மூடிய கம்பி வலைக்குள்ளிருந்து ஏதோ முனகல் கேட்டது.

"நீங்க ஒண்ணும் சொல்லவே வேணாம்ங்கய்யா. எல்லாம் பேசி வச்சாச்சு," என்று குனிந்து சொல்லிவிட்டு, தோளைப் பிடித்துப் பதமாகக் கட்டத்துக்குள் நடத்திக்கொண்டு போனார் பர்சனல்.

முதலாளி ஜப்பான் போய்வந்ததிலிருந்து கம்பெனியில் எல்லோரும் மூங்கில் வாள் சண்டை பழகுகிறார்கள். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. பழகாதவர்களுக்கு இன்கிரிமென்ட் மட்டும் வரவில்லை. இன்று கேன்டீனில் மேசைகளை ஒதுக்கிவிட்டு முதல் போட்டி.

எதிரே வெள்ளை நாடாவோடு அக்கவுண்டன்ட் நின்றார். புதுக் கிளைக்கு அவரை மேனேஜராகப் போட முதலாளியின் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. காலையில் மனைவி படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருந்தாள்: "வீரத்தைக் காட்டுறேன்னு ஜெயிச்சுத் தொலைச்சிடாதீங்க. அதுக்காகப் பொசுக்குன்னும் தோத்துடாதீங்க. பாக்க நல்லா இருக்கணும்."

இந்த ஆட்டத்தில் கட்டத்துக்குள் நுழைந்துவிட்டால் யாருக்கும் பெயர் கிடையாது. ஒருவர் சிவப்பு, இன்னொருவர் வெள்ளை. வாய்விட்டுக் கத்தி, தலையிலோ மணிக்கட்டிலோ விலாவிலோ அடித்தால்தான் அடி. மூன்று நடுவர்களில் இருவர் கொடி தூக்கினால் அந்த நிறத்துக்குப் புள்ளி. இரண்டு புள்ளி எடுத்தவருக்கு வெற்றி.

நடுவர்கள் பர்சனல், பர்ச்சேஸ், சேல்ஸ் மேனேஜர்கள். ஆளுக்கு ஒரு கையில் சிவப்புக் கொடி, மறு கையில் வெள்ளைக் கொடி. பர்ச்சேஸ் தன் வெள்ளைக் கொடியைச் சுருட்டி ரப்பர் பேண்டு போட்டே வைத்திருந்தார்.

முதலில் வணக்கம். அக்கவுண்டன்ட் குனிந்தார். சிவப்பு அவரைவிடக் குனிந்தது. அவர் பதறிப்போய் இன்னும் குனிய, சிவப்பு தரையைத் தொடுகிற அளவுக்குப் போய்விட்டது.

"பெரிய மனுஷன்னா இவருதான்யா," என்று கண்கலங்கினார் சேல்ஸ்.

ஆட்டம் தொடங்கியது. அடிக்க வருவார், வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம் என்று அக்கவுண்டன்ட் காத்திருந்தார். சிவப்பு நட்டுவைத்த கம்பம்போல் நின்றது. பொறுத்துப் பார்த்தவர், நீட்டியிருந்த வாளில் தானே போய்த் தலையை முட்டிக்கொண்டார். அந்த நேரம் பார்த்துச் சிவப்பு இருமியது.

"என்ன ஒரு கர்ஜனை," என்றார் பர்ச்சேஸ். மூன்று சிவப்புக் கொடிகளும் ஒன்றாக எழுந்தன.

அடுத்த சுற்றில் சிவப்பு பின்வாங்கிக் கால் இடறியது. தாங்கிப் பிடிக்கப் போன அக்கவுண்டன்ட்டின் வாள் அதன் தலையில் நச்சென்று இறங்க, "ஐயய்யோ" என்று அவர் அலறினார். கத்தலும் இருந்தது, அடியும் இருந்தது. விதிப்படி சுத்தமான புள்ளி. நடுவர்கள் மூவரும் கூரையில் சுற்றும் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு பொத்தென்று விழுந்தது. விழுந்த வேகத்தில் அதன் வாள் அக்கவுண்டன்ட்டின் முழங்காலை உரசியது. மூன்று சிவப்புக் கொடிகள்.

"முழங்கால்ல பட்டா புள்ளி கிடையாதே சார்?" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

"இன்னைலேர்ந்து உண்டு," என்றார் பர்சனல்.

கேன்டீனே அதிரும்படி கைதட்டினார்கள். தோற்றதில் இவ்வளவு சந்தோஷத்தை அக்கவுண்டன்ட் தன் ஆயுசில் கண்டதில்லை. புதுக் கிளையின் சுழல் நாற்காலியில் அப்போதே உட்கார்ந்துவிட்டார்.

ஓடிப்போய்ச் சிவப்பைத் தூக்கி நிறுத்தி, முகக்கவசத்தின் முடிச்சைத் தன் கையாலேயே அவிழ்த்தார். "அடியாங்கய்யா அது, இடி. என் சர்வீஸ்லயே இப்படி ஒரு தோல்வி எனக்குக் கிடைச்சதில்ல," என்றபடி கவசத்தைக் கழற்றினார்.

உள்ளே வியர்த்து வழிந்துகொண்டிருந்தது முதலாளியின் டிரைவர்.

டிரைவர் மூச்சு வாங்கியபடி அக்கவுண்டன்ட்டைத் தாண்டிக் கடைசி வரிசையைப் பார்த்தார். அங்கே கைதட்டாமல் உட்கார்ந்திருந்த ஒரே ஒருவரை நோக்கிக் கும்பிட்டார்.

"ஐயா, நீங்க சொன்ன மாதிரி புதுக் கவசத்தைப் போட்டு நடந்து நல்லா இளக்கிட்டேன். இனி நீங்க வந்து போட்டுக்கலாம்."